உங்கள் தம்பிக்குத்தான் வந்திருக்கிறது

இல்லை அண்ணி, பாப்பாவுக்கு வரவில்லை. உங்கள் தம்பிக்குத்தான் வந்திருக்கிறது.

வணக்கமும் நலம் விசாரிப்பும் தாமதமாக வருவதற்கு மன்னியுங்கள். சின்னவனுக்குக் கொப்புளத் தழும்பு மறைந்ததா?

அவனுக்குச் சின்னம்மை என்றதும், "பாப்பாவக் கூட்டிட்டு வாங்க, தானா வந்துட்டுப் போனா உடம்பு மறக்காது, ஊசியெல்லாம் எதுக்கு" என்று நீங்கள் சொன்னதையும், இவர் அன்றே பையைக் கட்டியதையும், இரண்டு பிள்ளைகளும் ஒரே தம்ளரில் குடித்து ஒரே தலையணையில் தூங்கியதை நீங்கள் அக்காவும் தம்பியுமாகப் பெருமையாகப் பார்த்து நின்றதையும் நான் மறக்கவில்லை, ஆனால் பதினைந்தாம் நாள் காலை சட்டையைக் கழற்றி "கொசுக்கடியான்னு பாரு" என்று முதுகைக் காட்டியவர் இவர். சிறுவயதில் உங்களுக்கு வந்தபோது இவரை மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அத்தை இப்போதுதான் சொன்னார்.

மூன்றாம் நாள் இவருக்கு மூச்சு வாங்கியது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத வரவில்லை. இப்போது பயமில்லை.

எனக்கு ஏழு வயதிலேயே வந்து போனதால், வீட்டில் இவர் தனியாகப் படுத்திருக்கும் அறைக்குள் நான் மட்டும் போகலாம். அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி.

இவர் வேலை தெரியுமே. அலுவலகம் அலுவலகமாகப் போய்த் தீ எச்சரிக்கை மணியை அடித்து, எல்லோரையும் படியிறங்க வைத்து, எத்தனை நிமிடம் என்று பார்ப்பவர். நேற்று கதவருகே நின்று கேட்டேன்.

"படியிறங்கப் பழகணும்னு கட்டடத்தையே கொளுத்துவீங்களா?"

உள்ளே புரண்டு படுக்கும் சத்தம். பிறகு, "நோயாளிகிட்ட வாதாடக் கூடாது."

இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பாவுக்கு ஊசி போட்டுடு."

பாப்பா கதவடியில் கிரேயான்களை ஒவ்வொன்றாகத் தள்ளுகிறாள். இவர் திருப்பித் தள்ளுகிறார். பச்சையை மட்டும் வைத்துக்கொள்கிறார், அவள் கேட்கட்டும் என்று.

அண்ணனுக்கு வணக்கம். சின்னவனுக்கு முத்தம். உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை.

பின்குறிப்பு: கோபப்பட எனக்கு உரிமையும் இல்லை. உங்கள் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, முடி வெட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாப்பாவுக்கு ஊசி போட்டு வந்தேன். என் முடி அப்படியே இருந்ததை இவர் கவனிக்கவில்லை. அதனால்தான் அந்தத் தம்ளரை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே சொல்லியிருந்தால் இவர் அங்கே வந்திருக்கவே மாட்டார். "உங்களுக்கு அம்மை வந்திருக்கா" என்று இவரைக் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

உறையை ஒட்டுவதற்கு முன் இதை முழுக்க அவரிடம் படித்துக் காட்டினேன், பின்குறிப்பு உட்பட. பிறகு லோஷன் தடவினேன். முதுகிலிருந்து ஆரம்பித்தேன்.