ஹெதர் அக்கா தொலைபேசியில் சொல்லக்கூடாதவை

அல்வர்ஸ்டன்,
வியாழன், மதியம் ஒன்றரை மணி.

அன்பும் மரியாதையும் மிகுந்த ஹெதர் அக்காவுக்கு, தங்கை ரோவெனா எழுதுவது.

ஹோபார்ட்டில் நீயும் அத்தானும், அத்தானுடைய முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம். இந்தக் கடைசி வாக்கியத்தை நீ அப்படியே மனப்பாடம் செய்ய வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு மார்னி என்ற பெண் உன்னைத் தொலைபேசியில் கூப்பிடுவாள். மனம் காயப்பட்ட பிள்ளைகளை வீட்டில் வைத்துத் தேற்றி வளர்க்க எனக்குப் பயிற்சி கொடுத்த அமைப்பின் ஆள் அவள். என்னைப் பற்றி நெருங்கிய உறவினர் ஒருவரிடம் விசாரிக்க வேண்டுமாம். அதற்கு இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, கூட்டம். மூன்று மாதச் சோதனைக் காலத்தில் என்னிடம் இருக்கும் பதினாலு வயதுப் பெண், பதினெட்டு ஆகும்வரை என்னோடே இருக்கலாமா, அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டாவது வீட்டுக்குப் போகவேண்டுமா என்று அங்கே முடிவெடுப்பார்கள். ஆம், என் வீடு அவளுக்குப் பதினோராவது. இதையெல்லாம் உன்னிடம் பேச்சில் சொன்னால் நீ சிரிக்க ஆரம்பிப்பாய், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். அவளுடைய பெயரை வெளியாருக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. விதிகளை நான் கண்ணும் கருத்துமாகக் கடைப்பிடிக்கிறேன் என்று மார்னியிடம் சொல். டார்சி நன்றாகச் சாப்பிடுகிறாள்.

முதலாவதாக, பயிற்சி வகுப்பில் நடந்ததைச் சொல்லாதே. ஒருவர் கோபத்திலிருக்கும் பிள்ளையாக நடிக்க வேண்டும், மற்றவர்கள் சமாதானப்படுத்திக் காட்ட வேண்டும். எனக்குப் பிள்ளை வேடம். நாற்காலிகள் அடுக்கியிருந்த சாமான் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்திருக்க வேண்டும். வர மனசில்லை அக்கா. பட்டம் வாங்கி, நகரசபையில் இருபது வருடம் வரைபடம் பார்த்து, நாற்பத்தாறு வயதாகி, ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து "மாட்டேன், போ" என்று கத்துவது இத்தனை சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பயிற்சியாளர் தமக்குத் தெரிந்த எல்லா முறையையும் அந்தக் கதவில் முயன்று பார்த்தார். முக்கால் மணி நேரம். கடைசியில் யாரோ தேநீர்த் தட்டில் இறைச்சி வைத்த சாஸேஜ் ரோல் இரண்டுதான் மிச்சம் என்று சொன்னார்கள், வெளியே வந்துவிட்டேன். ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அவர்கள் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. அவர்கள் யாரும் எழுந்து போகவில்லை என்பது மட்டும் ஏறியது. வேண்டுமானால் இதை மட்டும் சொல். சாஸேஜ் ரோலை விட்டுவிடு.

அப்புறம் அந்தப் பூட்டுப் பெட்டி. கத்தி, மாத்திரை, தீப்பெட்டி எல்லாவற்றையும் பூட்டி வைக்க வேண்டும் என்றார்கள். பூட்டினேன். சாவியை டார்சியால் கண்டுபிடிக்கவே முடியாத இடத்தில் ஒளித்தேன். என்னாலும் முடியவில்லை. ஆறு நாள் ரொட்டியைக் கையால் பிய்த்தோம், தக்காளியைக் கரண்டியால் நசுக்கினோம். ஏழாம் நாள் பின்வாசல் படியில் ஏறி நின்று பூசணிக்காயைச் சிமெண்டுத் தரையில் போட்டு உடைக்கலாம் என்று இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறேன், டார்சி கீழே நின்று "இன்னும் உசரம், இன்னும் உசரம்" என்று கத்துகிறாள், மார்னி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பக்கவாட்டுக் கதவைத் திறக்கிறாள். விளக்கினேன். அவள் எதையோ எழுதிக்கொண்டாள். அவள் கார் தெருமுனை திரும்பியதும் டார்சி ஒரு கொண்டை ஊசியை எடுத்து அந்தப் பூட்டை ஒரே நிமிடத்தில் திறந்துவைத்து, "மொத நாளே கேட்டிருக்கலாம்ல?" என்றாள். இது நடந்தது மார்னிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

டார்சியிடம் உள்ள சிரமம் என்னவென்றால், என் பாடம் எல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். பத்து வீடுகளில் பத்துப் பேர் அதை அவள் மேல் பிரயோகித்திருக்கிறார்கள். ஒருநாள் அவள் தட்டை வீசினாள். நான் மூச்சை இழுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீ ரொம்பக் கோபமா இருக்கிற மாதிரி எனக்குத் தோணுது" என்றேன். "நாலாவது வீட்லயும் இதான் சொன்னாங்க. அவங்க குரல் இன்னும் கொஞ்சம் கீழ இருக்கும். நீங்க காய்ச்சல் வந்தவங்க மாதிரி பேசுறீங்க" என்றாள். மறுபடி சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது தடவை பரவாயில்லை என்றாள். உடைந்த தட்டை இருவரும் சேர்ந்து பெருக்கினோம்.

சூப்பர் மார்க்கெட் விஷயத்தைத் தயவுசெய்து சொல்லித் தொலைக்காதே. பிள்ளை கொதித்துப்போயிருக்கும்போது நம் தலை அதன் தலையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது முறை. மேலே நின்று பார்த்தால் மிரளுமாம். முன்பு அவளை வைத்திருந்த ஏதோ ஒரு வீட்டுக்காரி தூரத்தில் தள்ளுவண்டியோடு போனதைப் பார்த்துவிட்டு டார்சி தானிய டப்பாக்களை வாரிக் கீழே தள்ளிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் குனிந்தாள். நான் இன்னும் குனிந்தேன். அவள் குப்புறப் படுத்தாள். நான் என்ன செய்ய? மல்லாந்து படுத்து முடிந்தவரை தரையோடு ஒட்டிக்கொண்டு, பாடத்தில் சொன்னபடி பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து நம் பக்கத்து வீட்டு நெவில் பால் வாங்க வந்திருக்கிறார். எனக்கு மாரடைப்பு என்று முடிவுகட்டி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். "அசையாதேம்மா, அசையாதே" என்று என் தோளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் எழுந்திருக்க முயன்றதெல்லாம் அவருக்கு வலிப்பாகத் தெரிந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தபோது டார்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பெரிய மனுஷி மாதிரி, "ஒண்ணும் இல்லைங்க. பயிற்சி எடுத்தவங்க" என்றாள். மார்னிக்கு எழுதிக் கொடுக்கும் அன்றைய நிகழ்வு அறிக்கையில் நான் "கடையில் சிறிது நேரம் ஓய்வெடுத்தோம்" என்று எழுதியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சிரிக்காமல் படி. அன்று மதியம் அவள் அம்மா பார்க்க வருவதாக இருந்தது. வரவில்லை. டார்சி சமைத்து வைத்த முட்டை ரொட்டி ஆறிப்போனது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். நான் நகரசபை வரைபடத்தை மேசையில் விரித்து, ரயில் பாதை, ஆற்றங்கரை, கடற்கரை என்று வட்டம் வட்டமாகப் போட்டு, மூன்று மணி நேரம் காரில் சுற்றிவிட்டு, வீட்டுக் கொல்லையில் நின்று போலீஸுக்குப் போன் செய்தேன். அந்த அதிகாரி, நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன உறவு என்று கேட்டார். "இன்னும் ஒண்ணும் இல்லைங்க, வர்ற வெள்ளி கழிச்சு அடுத்த வெள்ளிதான் தெரியும்" என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் பாவம், சரி, உயரமாவது சொல்லுங்கள் என்றார். ஐந்தடி ஆறங்குலம் என்றேன். "அஞ்சடி நாலு" என்று மேலேயிருந்து ஒரு குரல். சாமான் கொட்டகையின் கூரைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வட்டம் போட்டது, காரை எடுத்தது, திரும்பி வந்தது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் அழ ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தாள். அறிக்கையில் "டார்சி மதியம் முழுவதும் வீட்டு வளாகத்திலேயே இருந்தாள்" என்று எழுதினேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஆக, மார்னி கேட்டால்: ரோவெனா அமைதியானவள், பொறுமைசாலி, சிறுவயதிலிருந்தே நிதானம். நாம் சண்டை போட்டபோது நான் உன் சைக்கிளை ஆற்றில் தள்ளியது நினைவுக்கு வந்தால் இருமிக்கொள். அத்தானுக்கு என் வணக்கம். நாய்களுக்கு என் அன்பு. உங்கள் எல்லோருக்கும் நல்ல தூக்கமும் நல்ல வெயிலும் கிடைக்கட்டும்.

என்றும் உன் தங்கை,
ரோவெனா

பி.கு. மணி மூன்றேகால். கொடியிலிருந்து துணி எடுக்கப் போன நேரத்தில் டார்சி இதைப் படித்துவிட்டாள். பள்ளி விடுமுறை, அவளுக்கும் வேறு வேலையில்லை.

"உங்க அக்காவ பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள். நீ இங்கேயே இருக்கணும்னுதான், என்றேன்.

"எனக்கு எல்லா வீட்லயும் நல்ல பேருதான் ரோவெனா. டார்சி அருமையா பழகிட்டா, ஒரு சிக்கலும் இல்லன்னு வாராவாரம் எழுதுவாங்க. ஒருநாள் நெசத்த எழுதுவாங்க. அன்னிக்கே கார் வந்துரும்."

என் அழகான அறிக்கைகள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. எந்தப் பாடத்திலும் இதற்கு வசனம் கிடையாது.

"மொதல்லயே எல்லாத்தையும் சொல்லிருங்க. தெரிஞ்சே வெச்சிக்கிட்டாங்கன்னா, அப்புறம் தெரிய வர்றதுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல."

ஆகவே அக்கா, மேலே "சொல்லாதே" என்று எழுதிய இடத்திலெல்லாம் "சொல்" என்று படித்துக்கொள். பூசணிக்காய், ஆம்புலன்ஸ், கூரை, சைக்கிள், எதையும் விடாதே. நான் மார்னியிடம் கேட்டு அந்த அறிக்கைகளைத் திருப்பி வாங்கி, நடந்தது நடந்தபடி எழுதித் தரப்போகிறேன். வெள்ளிக்கிழமை அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கேட்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிக்கொடுத்த ஒரு கேள்வியை இப்போது அவளிடம் கேட்டுவிட்டேன். இங்கேயே இருக்க உனக்கு ஆசையா என்று. அவள் உறையில் உன் முகவரியை எழுதி, தபால்தலையை ஒட்டி, ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

"நாலு மணிக்குத் தபால் பெட்டியத் தொறந்து எடுத்துட்டுப் போயிருவாங்க," என்கிறாள். "சீக்கிரம் எழுதி முடிங்க."