பதிமூன்றாவது ஜன்னல்

ஒன்றாம் நம்பர் ஜன்னல், ஒன்றாம் நம்பர் இடத்துக்குள் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இன்னொரு தடவை தள்ளிப் பாருங்க," என்றான் மாப்பிள்ளை.

நாலு பேர் சேர்ந்து தள்ளினார்கள். சட்டம் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை டேப்பை எடுத்து அளந்தான். சரியாக ஒரு அங்குலம் அதிகம். டேப்பைச் சுருட்டிவிட்டு, அது பொய் சொல்கிறதோ என்று மறுபடி அளந்தான். டேப் தன் கட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை என்றதும் மாலையும் கழுத்துமாக நினைத்துவிட வேண்டாம். கல்யாணமாகி நாலு வருஷமாகிறது. ஜன்னல் பட்டறை முதலாளிக்கு வீட்டோடு மாப்பிள்ளை, அவ்வளவுதான். மாமனார் அப்படிக் கூப்பிட்டார். பட்டறை ஆட்களும் அப்படியே கூப்பிட்டார்கள். இப்போது சிமென்ட் லாரி ஓட்டுகிறவர்கூட "மாப்பிள்ளை, கொஞ்சம் ஓரமா நில்லுங்க" என்கிறார். சொந்தப் பெயரை யாராவது கேட்டால் அவனே ஒரு கணம் யோசித்துத்தான் சொல்வான்.

வேலை நடந்துகொண்டிருந்தது நூற்று முப்பது வருஷத்துப் பழைய தந்தி ஆபீஸில். அடுத்த மாதத்திலிருந்து அது குழந்தைகள் நூலகம். மாடியில் தெருவைப் பார்த்தபடி பதிமூன்று ஜன்னல்கள் இருந்தன. பதிமூன்றையும் கரையான் சாவகாசமாக உட்கார்ந்து தின்று தீர்த்திருந்தது. புதுசு போட்டுக்கொள்ளலாம் என்று பழங்கட்டடப் பாதுகாப்பு ஆபீஸர் அனுமதி கொடுத்திருந்தார், இரண்டு நிபந்தனைகளோடு. பார்வைக்கு அச்சு அசலாகப் பழசு மாதிரியே இருக்க வேண்டும். சுவரில் ஒரு பொட்டுச் சுண்ணாம்புகூட உதிரக் கூடாது.

அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கண்ணளவில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு ஜன்னல் இடத்தின் அகலம் இன்னொன்றுக்கு இல்லை. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, தனித்தனியாகச் செய்து, எது எங்கே என்று நம்பர் அட்டை கட்டி அனுப்பியிருந்தார் மாமனார். அளந்தது மட்டும் மாப்பிள்ளை.

அதில்தான் அவன் தலையெழுத்தே தொங்கிக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு வேலைய, ஒரு குறையும் இல்லாம, தனியா நின்னு முடிச்சுக் காட்டுங்க. அன்னைக்கே தனிக்குடித்தனம் போய்க்கலாம்," என்று மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வீட்டில் நாலு வருஷம் குப்பை கொட்டியவர்களுக்குத்தான் அந்த வாக்கின் அருமை தெரியும். மாமனார் எதையும் அளக்காமல் விடமாட்டார். செருப்பைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிக் கழற்ற வேண்டும். குளியலறைக் கதவை முக்கால்வாசி திறந்தால் போதும். தலையணை கட்டிலின் நடுவில் இல்லையென்றால் நின்று சரிசெய்துவிட்டுத்தான் போவார், அதில் தலை இருந்தாலும். மாமியார் பாவம், வாயில்லாப் பூச்சி. ஒரு நாளைக்கு மூன்று வாக்கியம் பேசினால் அதிகம்; மீதிப் பேச்சையெல்லாம் மாமனாரே பேசித் தீர்த்துவிடுவார். அன்று காலையில் சாப்பாட்டுக் கேரியரைக் கையில் கொடுக்கும்போதுகூட, "பாத்துப் போயிட்டு வாங்க மாப்பிள்ளை," என்று சொன்னதற்கே மாமியாருக்குக் கண் கலங்கியது.

"மரம் ஈரத்துல உப்பியிருக்கு," என்று தீர்ப்புச் சொன்னான் மாப்பிள்ளை. "ஏழாம் நம்பர் எவ்வளவு அழகா உக்காந்துச்சு. அளவு தப்புன்னா அது எப்படி உக்காரும்?"

நியாயமான கேள்விதான். வெளியே சாரத்தை நடுவிலிருந்து கட்டத் தொடங்கியதால் ஏழாம் நம்பரைத்தான் முதலில் மாட்டினார்கள். அது வெண்ணெயாக உள்ளே போய் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

தலைமைத் தச்சர் எப்போதும் வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டிருப்பார். ஆணிவாயர் என்றே பெயர். அவர் பேச வேண்டுமென்றால் ஆணிகளை உள்ளங்கையில் துப்ப வேண்டும். அந்தச் சிரமத்துக்குத் தகுதியான விஷயம் உலகத்தில் குறைவு என்பது அவர் எண்ணம். இப்போது துப்பினார்.

"இழைச்சுரட்டுமா?"

"இழைச்சுருங்க. ரெண்டு பக்கமும் அரை அரை அங்குலம்."

இழைப்புளி பாடியது. சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. ஒன்றாம் நம்பர் சொன்னபடி கேட்டு உள்ளே போனது. ஆணி அடித்து இறுக்கினார்கள். நடுவும் ஒரு ஓரமும் முடிந்தது. இன்னொரு ஓரத்தையும் முடித்துவிட்டால் நூல் கட்டி மற்றதையெல்லாம் வரிசை பார்த்துவிடலாம். பதிமூன்றாம் நம்பரைத் தூக்கினார்கள்.

அது உள்ளே போனது. போய், அந்தப் பக்கமாக வெளியே விழப் பார்த்தது. இரண்டு பேர் பாய்ந்து பிடித்தார்கள். ஒரு அங்குலம் இடைவெளி. அதன் வழியாக எதிர் வீட்டு மாடியில் காயும் துணி தெரிந்தது.

ஆணிவாயர் மறுபடி துப்பினார். "ஒண்ணு உப்பியிருக்கு. பதிமூணு வத்தியிருக்கு. ஒரே மரம், ஒரே மழை."

மாப்பிள்ளை நம்பர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அளவெடுக்க மாமனார் வைத்த விதி ஒன்று உண்டு. கட்டடத்துக்கு வெளியே தெருவில் நின்று, ஜன்னல்களை இடது கையிலிருந்து வலது கைக்கு எண்ண வேண்டும். அளவெடுத்த அன்று மழை கொட்டியது. அவன் மாடிக்குள் நின்று அளந்தான். உள்ளேயிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடும், ஒன்று பதிமூன்றாகிவிடும். மாற்றி எழுத வேண்டும் என்று நினைத்தது ஞாபகமிருந்தது. எழுதினானா என்பது மட்டும் ஞாபகம் இல்லை. நடுவிலிருக்கிற ஏழு, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் ஏழுதான். கைதட்டினார்களே, அந்த ஏழு. அளவு நோட்டோ மாமனாரின் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்பதும், நான் கோட்டை விட்டுவிட்டேன் என்று தண்டோரா போடுவதும் ஒன்றுதான்.

"எல்லாத்தையும் தலைகீழா மாட்டுங்க," என்றான். "ரெண்டாம் நம்பர் பன்னெண்டுல. மூணு பதினொண்ணுல."

மாட்டினார்கள். சொல்லிவைத்தாற்போல் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. சந்தோஷப்பட முடியவில்லை. பதிமூன்றாவது இடத்துக்குரிய ஜன்னலைத்தான் ஒரு அங்குலம் சீவி முதலாவது இடத்தில் அடித்தாயிற்றே.

"சீவினதைத் திரும்ப ஒட்ட முடியுமா?"

ஆணிவாயர் ஆணிகளைத் துப்பி, "முடியாது," என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கவ்விக்கொண்டார்.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, சாமான் எல்லாம் கட்டியாச்சு. வாடகை வீட்டுக்காரர் அஞ்சு மணி வரைக்கும் சாவியோட காத்திருக்கேன்னு சொல்றார். ஆபீஸர் பாத்துட்டாங்களா?"

"மூணு மணிக்கு வராங்க."

"அப்பாவும் அங்கதான் வரார். எல்லாம் நல்லாத்தானே போகுது?"

"அருமையா போகுது," என்றான் மாப்பிள்ளை, இடைவெளி வழியாக எதிர் வீட்டுத் துணியைப் பார்த்துக்கொண்டே.

மணி இரண்டு. இடைவெளிக்கு ஒரு மரத்துண்டு வேண்டும். மீந்த மரம் எதுவும் இல்லை. கீழே வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை இருந்தது: 'கவனம், மேலே வேலை நடக்கிறது.' நல்ல பலகை, சரியாக ஒரு அங்குலக் கனம். வேலைதான் முடியப்போகிறதே, கவனம் எதற்கு என்று அதிலிருந்து நீளமாக ஒரு துண்டு அறுத்து, இடைவெளியில் வைத்துச் சுத்தியலால் இறக்கினார்கள். முன்பக்கம் ஜன்னலுக்கு அடித்த அதே பச்சை பெயின்ட் அடித்தார்கள். மாப்பிள்ளை நாலடி பின்னால் போய்ப் பார்த்தான். தெய்வமே, தெரியவில்லை.

"ஜன்னல் கதவைத் திறந்து பாருங்க."

கதவு திறக்கவில்லை. துண்டு நெருக்கியதில் சட்டம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஆணிவாயர் தோளால் ஒரு இடி இடித்தார். கதவு வெளிப்பக்கமாகப் படாரென்று திறந்தது. அதற்கப்புறம் மூடவில்லை. கையால் பிடித்தால் மூடியிருந்தது. விட்டால் கொட்டாவி விட்டது.

அப்போதுதான் கீழே ஜீப் சத்தம். ஆபீஸர் அரை மணி முன்னாலேயே வந்துவிட்டார், கூடவே மாமனாரும்.

"நீங்க வெளியில சாரத்துல உக்காந்து அந்தக் கதவைப் பிடிச்சுக்குங்க," என்று மாப்பிள்ளை ஆணிவாயரிடம் கெஞ்சினான். "தலைய மட்டும் குனிஞ்சுக்குங்க. பத்தே நிமிஷம்."

ஆணிவாயர் பதில் சொல்ல ஆணியைத் துப்பத் தொடங்கினார். அதற்குள் அவரைச் சாரத்தில் இறக்கிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆபீஸர் அம்மா மாடி ஏறி வந்தார். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி. மாமனாருக்கு முட்டி வலி; தெருவிலேயே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சாரத்தில் தச்சர் உட்கார்ந்திருப்பது அவருக்கு அதிசயமாகப் படவில்லை. ஆபீஸர் ஒவ்வொரு ஜன்னலையும் திறந்தார், மூடினார், சட்டத்தை விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"பிரமாதம்," என்றார் நாலாவதில். "பழசையே பாக்கற மாதிரி இருக்கு," என்றார் ஒன்பதாவதில். பன்னிரண்டாவதில், "யார் அளவெடுத்தது?" என்று கேட்டார். "நான்தான் மேடம்," என்று சொல்லும்போது மாப்பிள்ளையின் குரல் கீச்சென்று வந்தது.

பதிமூன்றாவது கதவைத் தள்ளினார். அது அசையவில்லை.

"என்ன, இறுக்கமா இருக்கு?"

"அந்தக் காலத்து இறுக்கம் மேடம்."

அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தள்ளினார். கதவு இரண்டு விரற்கடை திறந்து, பட்டென்று தானாக மூடிக்கொண்டது. மறுபடி தள்ளினார். மறுபடி மூடிக்கொண்டது. வெளியிலிருந்து யாரோ மூச்சு வாங்குவது நன்றாகவே கேட்டது. ஆபீஸர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கதவின் விளிம்பை உற்றுப் பார்த்தார். அங்கே பச்சை பெயின்ட் அப்பிய நாலு விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

"இந்த விரல் எல்லாம் எந்தக் காலத்தது?" என்று கேட்டார்.

ஆபீஸரின் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டுமென்று வெளியிலிருந்த ஆணிவாயர் நினைத்திருக்கிறார். ஆணிகளைத் துப்புவதற்காகக் கையைக் கதவிலிருந்து எடுத்தார். கதவு விரியத் திறந்தது, சட்டம் நிமிர்ந்தது, பச்சைத் துண்டு நழுவித் தெருவைப் பார்க்க விழுந்தது.

மாமனாரின் காலடியில், அவர் செருப்பிலிருந்து சரியாக நாலு விரல் தள்ளி விழுந்தது. அவர் குனிந்து எடுத்துத் திருப்பினார். பின்பக்கத்தில் 'கவனம்' என்று எழுதியிருந்தது.

இனிமேல் என்ன மறைக்கிறது. மாப்பிள்ளை கீழே இறங்கி வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மழை, உள்ளே நின்று எண்ணியது, சீவியது, பலகை, விரல். ஆபீஸர் நல்ல மனுஷி. "பன்னெண்டு ஜன்னலும் அற்புதமா இருக்கு. பதிமூணாவதை மட்டும் பத்து நாள்ல புதுசா செஞ்சு மாட்டுங்க," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப் ஏறும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஜீப் திரும்பும்போது சிரிப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மாமனார் சிரிக்கவில்லை. "ஒரு குறையும் இல்லாமன்னு சொன்னேனா இல்லையா மாப்பிள்ளை?"

"சொன்னீங்க மாமா."

"வெளியில நின்னு எண்ணணும்னு சொன்னேனா?"

"சொன்னீங்க."

"அந்த வீட்டுக்காரருக்கு நானே போன் பண்ணிடறேன். அடுத்த பெரிய வேலை வரட்டும், பாக்கலாம்." அடுத்த பெரிய வேலை எப்போது வரும் என்று கேட்க மாப்பிள்ளைக்குத் தெம்பில்லை.

வெயில் தாழ வீட்டுக்கு வந்தபோது, மனைவி கூடத்தில் உட்கார்ந்து கட்டிய மூட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். நாலு வருஷமாக அவள் ஆசையாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான். மாமனார் பக்கத்தில் நின்று, முடிச்சை எந்தப் பக்கமிருந்து இழுத்து அவிழ்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்கு அழுகை முட்டியது. பின்கட்டுக்குப் போய்க் குழாயடியில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய பச்சையைத் தேய்த்தான்.

மாமியார் ஒரு பழந்துணியும் கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்தார். எதிரில் உட்கார்ந்து, அவன் கையைத் துடைக்கத் தொடங்கினார்.

"விடுங்க அத்தை, நானே பண்ணிக்கறேன். எல்லாம் என் தப்பு. வெளியில நின்னு எண்ணியிருக்கணும்."

மாமியார் துடைப்பதை நிறுத்தினார். கூடத்தில் மாமனாரின் குரல் ஓய்வில்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை காது கொடுத்துப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க சரியாத்தான் எண்ணியிருக்கீங்க மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "பட்டறையில வரிசையா நின்ன ஜன்னலுக்கெல்லாம் நம்பர் அட்டைய அந்தக் கோடியிலேருந்து மாத்திக் கட்டினது நான்தான்; நீங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டா, நாள் முழுக்க இந்த மனுஷன் யாரைத் திருத்துவாரு, சொல்லுங்க?"