ஐந்தாம் வகுப்பில் ஒரு மணி நேரம்

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்பு நலம்; மானம் மட்டும் போன வெள்ளிக்கிழமையிலிருந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறது.

நீ அந்தப் பள்ளியில் இருபது வருடமாக டீச்சராக இருக்கலாம். அதற்காக, பெற்றோர் கூட்டத்துக்கு முன்பு கொடுத்த படிவத்தில், 'பிள்ளை வளர்ப்பில் உங்கள் மேல் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை?' என்ற கேள்விக்கு நான் போட்ட பத்துக்குப் பத்தைச் சிவப்பு மையால் அடிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? என் மனைவி தனக்கு நாலு போட்டாள்; அவளை நேர்மையானவள் என்றாயாம். சின்ன வயதிலும் என் கணக்கு நோட்டை இப்படித்தான் திருத்தி அப்பாவிடம் மாட்டிவிட்டாய். நான் எதையும் மறப்பவன் அல்ல.

கூட்டத்துக்கு வந்தேனா இல்லையா? ஐந்தாம் வகுப்பில், முட்டி இடிக்கும் குட்டி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கணக்கில் ஏன் முப்பத்தெட்டு என்று அந்த டீச்சரை உண்டு இல்லை என்று ஆக்கினேன். அவர் மிரண்டு போய் இரண்டு மதிப்பெண் கூட்டியும் போட்டார். அப்போதுதான் நீ வந்து, அத்தனை பேர் முன்னால், "டேய், உன் பொண்ணு ஆறாவதுடா. எழுந்து வா" என்றாய். பள்ளி திறந்து நாலு மாதம்தானே ஆகிறது? என் மகள் பெயரிலேயே அங்கேயும் ஒரு பெண் இருந்தது என் குற்றமா? அந்தப் பெண்ணின் அப்பா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். ஆறாம் வகுப்பு டீச்சரோ, அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றே நினைத்திருந்தாராம். எல்லாரும் சிரித்தார்கள். என் மகள் மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னாய்: "இனிமே ரிப்போர்ட் கார்டுல நானே கையெழுத்துப் போடறேன். நீ சிரமப்படாதே." அதற்கு என் மகளும் தலையாட்டினாள் பார், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ வளர்த்த லட்சணம் தெரியாதா? இருபத்தாறு வயதிலும் உன் பையன் சட்டைப் பொத்தானுக்கு அம்மாவைக் கூப்பிடுகிறான். என் பெண் தானே எழுந்து, தானே தலை பின்னி, தானே டப்பாவில் சாப்பாடு போட்டுக்கொண்டு போகிறாள். இதற்கு மேல் என்ன வளர்ப்பு வேண்டும்? அவள் அப்பா நான். அந்தக் கட்டத்தில் என் கையெழுத்துதான் விழ வேண்டும். நாளைக் காலைக்குள் கார்டு என் கைக்கு வந்தாக வேண்டும்.

அத்தானுக்கு வணக்கம். உன் பையனுக்கு என் ஆசி, பொத்தான் உட்பட.

இப்படிக்கு,
பத்துக்குப் பத்து போட்ட தம்பி

பி.கு.: இதை மடிக்கும்போதுதான் உன் போன் வந்தது. மனைவிக்கு இன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி. பிள்ளையை அழைத்துவருவது என் முறை. நாலு மணிக்கு விட்ட பள்ளி, இப்போது ஐந்தே முக்கால். "கெளம்பிட்டாரான்னு கேக்காதீங்க அத்தை, எப்ப ஞாபகம் வந்துச்சுன்னு கேளுங்க" என்றாளாம். இதோ வருகிறேன், கடிதத்தை நேரிலேயே தருகிறேன். அதற்குள் கார்டில் நீயே கையெழுத்துப் போட்டுவிடு. சிவப்பு மை மட்டும் வேண்டாம்.