செடி என்று தீர்மானிக்கப்பட்டவை

மனித குலம் கண்ட மாபெரும் கூட்டங்களுள் ஒன்று, தாவரப் பூங்கா அலுவலகத்தின் மாடியறையில் நடந்தது. 'செடி என்றால் என்ன?' என்ற கேள்விக்கு அங்கே, தேநீர் வருவதற்குள் விடை கண்டுவிட்டார்கள். என் கணவர் இதே கேள்வியோடு ஆயுள் முழுக்கக் காடுமேடெல்லாம் அலைந்தவர். பாவம், நாற்காலியின் அருமை அவருக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகும், அவர் தேடிச் சேர்த்த செடிகள் நிறைந்த பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் அவருடைய சொந்தத் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு வேலிச்செடி. அதைச் சுற்றிக்கொண்டு, இலையே இல்லாத ஒரு மஞ்சள் கொடி. அதை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்; வெளிக்குளிரில் வைத்தால் கொடி பிழைக்காது. அதற்காகப் பேசத்தான் போயிருந்தேன்.

புது இயக்குநர் தொண்டையைச் செருமினார். "கூடம் செடிகளுக்கு மட்டும்தாம்மா. செடின்னா பச்சையா இருக்கணும், நகரக் கூடாது, தன் சாப்பாட்டைத் தானே தயாரிச்சுக்கணும். இது மஞ்சள். அடுத்தவன் சாறை உறிஞ்சுது."

"இது பூக்கும் சார், விதை விடும். பச்சைச் செடிகளோட வம்சம்தான். சமைக்கிறதை விட்டுட்டா பிறந்த வீடு இல்லேன்னு ஆயிடுமான்னு அவர் கேப்பார்."

"உணர்ச்சிவசப்படாதீங்க. விதி விதிதான்."

கண்காணிப்பாளர் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் செடியைக் காட்டினார். "அப்போ இது சார்?"

"பச்சைதானே?"

"பச்சை, சார்."

"நகருதா?"

"தூசி தட்டும்போது மட்டும்."

"சாப்பாடு?"

"கேக்கறதே இல்ல சார்."

"பாத்தீங்களா! அப்போ இது ஒரு படி மேல."

பிளாஸ்டிக் செடி 'ஏகமனதாக' கூடத்துக்குக் குடியேறியது. தொட்டி என் கைக்கு வந்தது.

கூடத்தின் வாசலில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. 'இங்குள்ள அரிய செடிகளைத் தேடித் திரட்டியவர்' என்று எழுதி, கீழே இயக்குநரின் பெயர்.

"நல்லா இருக்காம்மா? உங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்."

"கண்டிப்பா சார். உங்களை எந்த வகையில சேக்கணும்னு உடனே சொல்லியிருப்பார்."

இயக்குநர் அடக்கமாகச் சிரித்தார்.

கொடி இப்போது எங்கள் அடுப்படிச் சூட்டில் சுகமாகப் பூத்திருக்கிறது. உயிரோடிருப்பவரை உறிஞ்சினாலும் அது செடிதான் என்பார் என் கணவர். இறந்தவர்மேல் ஒரே மழையில் குடை விரித்து நிற்பதை மட்டும் செடியோடு சேர்க்கவே விடமாட்டார்.

அது காளானாம்.