ஓவியாவின் மூச்சுக்குழாய் விஷயமாக மாமனாருக்கு

ஆனைக்குட்டம்,
செவ்வாய்க்கிழமை

சாத்தூர் சேவுக்கடை இருளாண்டி மாமா சமூகத்துக்கு மருமகன் பிரபாகரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலமில்லை. அங்கு நீங்களும் அத்தையும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் என் மனைவி மாரிசெல்வியும், முக்கியமாக இரண்டு வயதுப் பாப்பா ஓவியாவும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

போன வாரம் பாப்பாவுக்கு நாய் குரைப்பது போல இருமல். சிவகாசியில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். வெறும் சளிதான் என்றவர் அதோடு விட்டிருக்கலாம். நான் துருவித் துருவிக் கேட்டதால் காலண்டர் தாளின் பின்பக்கம் தொண்டையை வரைந்து காட்டினார். சின்னப் பிள்ளைகளுக்கு வாய் சிறிசாம், அதில் நாக்கு பெரிசாம், குரல்வளை நமக்கு இருப்பதைவிட மேலே இருக்குமாம், மூச்சுக்குழாய் பாப்பாவின் சுண்டுவிரல் பருமன்தானாம். சோறு போகிற வழியும் மூச்சு போகிற வழியும் ஒரே இடத்தில் பிரிகிறதாம், காவலுக்கு ஒரு சின்ன மூடி. அம்புட்டுத்தான் மாமா. எங்கள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறைக்கே நாலு பக்கமும் வாசல் வைத்திருக்கிறார்கள், பிள்ளை உயிருக்கு ஒரே ஒரு மூடி என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

நான் வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவன். பாப்பா சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய் உருட்டி, வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பார்த்தேன். பொட்டுக்கடலை, சட்டைப் பித்தான், மாரிசெல்வியின் தோட்டுத் திருகாணி எல்லாம் உள்ளே போயின, தூக்கி எறிந்தேன். திராட்சை உள்ளே போகவில்லை, குழாய் வாயில் உட்கார்ந்து மொத்தமாக அடைத்துக்கொண்டது. ஆக, போவதும் ஆபத்து, போகாததும் ஆபத்து. கடைசியில் வீட்டில் மிஞ்சியது மோர் மட்டும்தான். "பிள்ளைக்கு அடைக்குமோ அடைக்காதோ, நீங்க பண்ணுற கூத்துல எனக்குத் தொண்டை அடைக்குது" என்று சொல்லி மாரிசெல்வி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போய் இறங்கின இடம் சேவுக்கடை.

உங்க சேவை நான் குறை சொல்லலை மாமா, ஊரே திங்கிற சேவு. ஆனா பேத்தி கையில ஒண்ணக் குடுத்துட்டு நீங்க யாவாரம் பாக்கத் திரும்பிருவீக. அவ ஓடிக்கிட்டே திம்பா, சிரிச்சுக்கிட்டே திம்பா. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன், நாளைக்கே பாப்பாவ அனுப்பி வச்சிருங்க. நான் பக்கத்துல இருந்தாத்தான் அவளுக்குப் பத்திரம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். பாப்பாவுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம், அவள் வாயில் ஒன்றும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
பிரபாகரன்

பி.கு.: இதை எழுதும்போது பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட கையோடு அது தொண்டைக்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டுச் செல்லப்பாண்டி முதுகில் ஆறு அறை விட்ட பிறகுதான் வெளியே வந்து விழுந்தது. பாப்பா இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும் மாமா. மாரிசெல்வியை மட்டும் அனுப்பி வையுங்கள், என்னைப் பார்த்துக்கொள்ளத்தான் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.