எங்கப்பா பேர கிளினிக்கு காப்பாத்துன கதை

இன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. கிளினிக்குப் போயி எம்.சி. வாங்கணும், அதான், ஒடம்பு சரியில்லன்னு டாக்டர் குடுக்குற லீவு சீட்டு.

நேத்து சாப்ட்ட நண்டு வயித்துல கலவரம் பண்ணிடுச்சு. டாய்லெட்ட விட்டு வெளிய வரவே பயமா இருக்கு. இந்த லட்சணத்துல மத்தியான ஷிஃப்டுக்கு ராவாங் ஃபேக்டரில போயி லைன்ல நிக்க முடியுமா? அங்க ஒன்னுக்குப் போறதுக்கே லீடர்கிட்ட கைய தூக்கணும். எம்.சி. இல்லாம மட்டம் போட்டா வார்னிங் லெட்டர்!

சரின்னு உலு யாம்ல எங்க ஃபேக்டரிக்காரங்க போற கிளினிக்குக்குப் போனேன். சின்ன கடைவீடு, ஒரே டாக்டரு. முன்னெல்லாம் அட்டைல எழுதுவாங்க. இப்ப புது சிஸ்டமாம். கவுண்டர்ல இருந்த நர்ஸ் மிஸ்ஸி என் அடையாள அட்டைய, ஐ.சி.ய வாங்கி ஒத்த விரலால தட்டிக்கிட்டே இருந்துச்சு.

"அக்கா, குடும்பப் பேரு கேக்குது. உங்க குடும்பப் பேரு என்னா?"

"எங்க குடும்பத்துக்கு தாமான்ல அக்கம்பக்கத்து வீட்டுக்காரங்க பல பேரு வெச்சிருக்காங்க. ஒன்னும் எழுதற மாதிரி இல்ல."

"வெளையாடாதீங்கக்கா. அத போடாட்டி அடுத்த பக்கம் போவாது."

நான் கலைச்செல்வி. எங்கப்பா முனியாண்டி. ஐ.சி.ல அவ்ளோதான் இருக்கு. மிஸ்ஸி யோசிச்சுப் பாத்துட்டு அப்பா பேர எடுத்து அந்தப் பெட்டில போட்டுடுச்சு.

"முனியாண்டின்னு சேவ் பண்ணிட்டேன். ஒக்காருங்கக்கா, அதுவே கூப்டும்."

கூப்டுச்சு. செவுத்துல இருந்த ஸ்பீக்கர்ல ஒரு வெள்ளக்கார அம்மா.

"மிஸ்டர் மூனி ஆண்டி. ரூம் ஒன்."

ஒருத்தரும் எந்திரிக்கல. எங்க பக்கம் தடுக்கி விழுந்தா ஒரு முனியாண்டி மேலதான் விழணும். எவரோ ஒருத்தர்னு நெனச்சேன்.

மறுபடியும், "மிஸ்டர் மூனி ஆண்டி."

எனக்கோ வயித்துல இடி இடிக்குது. "யாருங்க அந்த முனியாண்டி? எந்திரிச்சு போங்க லா! இந்த ஆம்பளைங்களுக்கு பொறுப்பே கெடையாது!"

கத்துனது நான்தான். பக்கத்துல இருந்த அங்கிள் கூட "ஆமாமா"ன்னாரு.

அப்பறம் எனக்குப் பின்னாடி வந்தவங்கல்லாம் மருந்து வாங்கிட்டுப் போறாங்க! கவுண்டருக்கு ஓடுனேன்.

"ஒங்கள அப்பவே கூப்டுச்சேக்கா! முனியாண்டி நீங்கதானே?"

"அது எங்கப்பா! அவரு செத்து ஆறு வருஷம் ஆச்சு!"

"ஐயோ! அப்பறம் ஏன்கா ரெஜிஸ்டர் பண்ண வந்தீங்க?"

ஒருவழியா உள்ள விட்டாங்க. டாக்டர் நல்ல மனுஷன். முன்னெல்லாம் மொகத்தப் பாத்துப் பேசுவாரு. இப்ப ஸ்கிரீனையே பாக்குறாரு.

"சிகரெட் உண்டா?"

"இல்ல டாக்டர்."

"தண்ணி?"

"சத்தியமா இல்ல டாக்டர்."

"கர்ப்பமா இருந்தா இந்த மருந்து குடுக்கக் கூடாது... என்னா இது, அந்தக் கேள்விய தொறக்க மாட்டேங்குது." அப்பதான் நிமிந்து பாத்தாரு. "நீங்க லேடியா!"

"பொறந்ததுலேர்ந்து டாக்டர்."

பேரையும் மாத்துங்க, அந்தப் பேர வெச்சு சிஸ்டம் ஆம்பளன்னு போட்டதையும் மாத்துங்கன்னு கெஞ்சுனேன். டாக்டர் கைய விரிச்சுட்டாரு. "சேவ் ஆயிட்டா என்னால தொட முடியாதும்மா. சிஸ்டம் கம்பெனிக்கு எழுதணும். மூனு நாளு ஆவும்."

"அப்ப கையால எழுதிக் குடுங்க டாக்டர்!"

"கியூஆர் கோடு இல்லாத எம்.சி.ய ஒங்க ஃபேக்டரி இப்ப வாங்குறதில்லையே."

அதுவும் நெசந்தான். பிரிண்டர் முக்கி மொனகி ஒரு பேப்பரத் துப்புச்சு. மிஸ்டர் முனியாண்டி, வயித்துப்போக்கு, ரெண்டு நாள் ஓய்வு. கியூஆர் கோடு மட்டும் பளிச்சுன்னு இருக்கு. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்னா வந்துச்சு. வயித்தக் கலக்குனதால சிரிக்கவும் பயம்.

இருந்தாலும் படம் புடிச்சு லீடருக்கு அனுப்புனேன். ஒடனே போன் பண்ணிட்டாரு.

"கலா, ஸ்கேன் பண்ணிட்டேன். எம்.சி. ஒரிஜினல்தான். முனியாண்டி ரெண்டு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

"அப்ப நானு?"

"ஒனக்கு எம்.சி. எங்க? ஷிஃப்டுக்கு வந்துடு லா."

இத ஃபேக்டரி பஸ்ல ஒக்காந்துதான் டைப் பண்றேன். எங்கப்பா ஆயுசு பூரா ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனாரு. காய்ச்சல்ல நடுங்கிக்கிட்டு நின்னாலும் தோட்டத்து கணக்குப்புள்ள, அந்த கிராணி, அவருக்கு ஒரு நாள் லீவு குடுத்ததில்ல.

இப்ப ரெண்டு நாள் கெடச்சிருக்கு, நல்லா தூங்கட்டும்.