மணவாள நகர் ஸ்டாப்பில் ஜெபா நிற்கிறாள்

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஜெபாவுக்கு,

மணவாள நகரிலிருந்து அம்மா ரோசம்மாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். உன் கம்ப்யூட்டருக்குத்தான் சுகமில்லை. பூனாவில் குளிர் என்றாயே, நான் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரைப் போடுகிறாயா, அல்லது அது பெட்டிக்குள்ளேயே கதகதப்பாகப் படுத்திருக்கிறதா? இதையெல்லாம் ஃபோனில் கேட்கலாம் என்றால் "மீட்டிங்ல கீறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு மறக்கவில்லை. தூசி தட்டத்தான் தொட்டேன். ஆனால் கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை, வர முடியாது என்று நீ சொன்னதிலிருந்து உன் அப்பா சரியாகப் பேசுவதில்லை. காலையில் நம் ஸ்டாப்பிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குக் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறார், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீ வாங்கி வைத்த ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உன் பஸ் கேமில் ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரில் பஸ் ஓட்டுகிறார். நாள் முழுக்க ஓட்டியது போதாதா என்றால், "அங்க எவனும் குறுக்க வர்றதில்ல ரோஸு" என்கிறார். முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை. அவருடைய பஸ்ஸையே அந்தக் கேமுக்குள் கொண்டுவந்து, நம் ஸ்டாப்பில் உன்னையும் நிற்க வைத்தால் மனுஷன் கொஞ்சம் சிரிப்பாரே என்று நினைத்தேன். என் புத்தி போன போக்கைப் பார்.

இப்படிக் கேமை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதற்கு மோட் என்று பெயராம், அதையும் நல்ல மனதுக்காரர்கள் சும்மாவே செய்து போட்டிருக்கிறார்களாம், நாம் டவுன்லோட் பண்ணி அதற்கென்று இருக்கிற ஃபோல்டரில் வைத்தால் போதுமாம். யூடியூப் வீடியோவில் ஒரு பையன் ஏதோ இட்லி ஊற்றுவதுபோல் சுலபமாகச் சொல்லிவிட்டான். முதலில் பேக்கப் எடுங்கள் என்றும் சொன்னான், அதைத்தான் நான் தள்ளிவிட்டுப் பார்த்தேன். முதல் மோட் போட்டதும் ஊரே ரோஸ் கலர் ஆகிவிட்டது. ரோடு, மரம், வானம், போலீஸ்காரர், எல்லாம் ரோஸ். அப்பா பார்த்துவிட்டு, "இன்னா, கல்யாண மண்டபத்துக்குள்ள வண்டிய உட்டுட்டனா?" என்றார். பிறகுதான் தெரிந்தது, அது உன் கேமுக்கு அடுத்த வெர்ஷனுக்கான மோட். அதை எடுத்துவிட்டு வேறொன்று போட்டேன். அது வெளிநாட்டு பஸ். அதற்குக் கம்பெனி பஸ்ஸின் பெயின்ட் அடித்தேன், கண்ணாடியில் சிலுவை வைத்தேன், அந்த ஊரின் முதல் ஸ்டாப்புக்கு மணவாள நகர் என்றும் கடைசி ஸ்டாப்புக்குக் கும்மிடிப்பூண்டி என்றும் பெயரை மாற்றினேன். நம் ஊர்போல இடப்பக்கம் கதவு வைக்கிற மோட் ஒன்றும் சேர்த்தேன். இவற்றையெல்லாம் எந்த வரிசையில் வைப்பது என்று கேம் கேட்டது. கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல் பெரியவர்களை மேலேயும் சின்னவர்களைக் கீழேயும் வைத்தேன். வெளிவந்த தேதிப்படி கதவு மோட்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது, அதற்கு முதல் மரியாதை கொடுத்தேன். மரியாதை தெரியாத குடும்பமா நாம்?

கடைசியாக, ஸ்டாப்பில் நிற்கிற ஒரு பொம்பளைப் பொம்மைக்கு சர்ச்சில் எடுத்த உன் திடப்படுத்தல் ஆராதனை போட்டோவிலிருந்து முகத்தை ஒட்டினேன். சரியாக உட்காரவில்லை. மூக்கு கன்னத்துக்குப் போய்விட்டது, ஒரு காது பின்மண்டையில் இருக்கிறது. ஆனாலும் உன் அப்பா தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். "ரோஸு, அது நம்ம ஜெபா தானே?" என்று பிரேக் போட்டவர் கதவைத் திறந்தார். அங்கேதான் வந்தது பேஜார். நீ இடப்பக்கம் நிற்கிறாய், கதவு வலப்பக்கம் திறக்கிறது. நீ ஏறவில்லை. மூடித் திறந்தார். ஏறவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த பொம்மைகள் கத்துகின்றன, பாயிண்ட் குறைகிறது, திரையெல்லாம் சிவப்பாக மின்னுகிறது, இவர் வண்டியை எடுப்பதாக இல்லை. போகட்டும் விடுங்கள் என்றேன். என்மேல் பாய்ந்தார். "புள்ளைய ரோட்ல உட்டுட்டு எடுக்கச் சொல்றியா? பாயிண்ட் போனா போவுது!"

உனக்கு நினைவிருக்கிறதா, நீ கும்மிடிப்பூண்டிக்கு அப்ரென்டிஸ் போன நாட்களில் தலையைப் பின்னிக்கொண்டே ஓடி வருவாய், வண்டி நிறைய ஆட்கள் சத்தம் போட, இவர் கண்ணாடியில் ஏதோ அழுக்கு இருப்பதுபோல் துடைத்துக்கொண்டே நிற்பார். இப்போதும் அப்படித்தான் நிற்கிறார். நாஷ்டா தட்டைக் கையில் கொடுத்தால் திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன் ஜெபா. ஜெபமும் பண்ணிவிட்டேன். இதைச் சரிசெய்ய உன்னால்தான் முடியும், ஃபோனில் சொன்னால் எனக்குப் புரியாது. உன் மேனேஜரிடம் வீட்டில் ஒரு அவசரம் என்று சொல். பொய் இல்லை.

உன் போக்கையும் வரத்தையும் காக்கிற ஆண்டவர், முக்கியமாக உன் வரத்தைக் காத்து, உன் மேனேஜரின் மனதையும் இளக்குவாராக. ஸ்வெட்டரைப் போடு.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

பின்குறிப்பு: சர்ச்சில் ஊழியம் செய்கிற வாயால் பொய் சொல்லக் கூடாது. ஜெராக்ஸ் கடை பூவராகவன் நேற்றே வந்து சரிசெய்துவிட்டான். "அக்கா, இதுல கடைசியா இருக்கறவன் பேச்சத்தான் கேம் கேக்கும். கதவ கீழ போடுங்க" என்று மாற்றி வைத்தான். கதவு இடப்பக்கம் திறந்தது. நீ ஏறினாய். அப்பா வாயெல்லாம் பல்லாக, ஹாரன் அடித்துக்கொண்டே கும்மிடிப்பூண்டி வரை ஓட்டினார். அங்கே நீ மற்றவர்களோடு இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாய். அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பழையபடி கெடுத்து வச்சிடு ரோஸு. நம்ம ஸ்டாப்லயே நிக்கட்டும்" என்றார். கெடுத்து வைத்திருக்கிறேன். நீ வந்து சரிசெய்.